மழையில்லாத நேரத்தில் கத்திய சைரன்

ஹட்டனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது ரயிலில் வடை வந்தது. பருப்பு வடை என்று நினைத்து வாங்கிக் கடித்தேன். நடுவில் ஒரு முழு இறால், மீசையோடு உட்கார்ந்திருந்தது. எதிரே இருந்த சிங்களப் பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வடை சுற்றி வந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்கு விடைத்தாள். நூற்றுக்கு முப்பத்தெட்டு. வாத்தியார் புத்தி போகுமா, இறாலைத் தின்றுகொண்டே எந்த வரியில் பிசகியது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கார்ச் சாவி, கதவு மணி, மழைமானி என்று கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் கருவிகள் எங்கள் பாடம். அவை காற்றில் பேசுவதை அடுத்தவர் ஒட்டுக் கேட்க முடியுமா, நடுவில் புகுந்து பொய் சொல்ல முடியுமா என்று பார்ப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. வெளியூர் மாணவர் ஒருவர் ஆறு மாதம் எங்களோடு தங்கி ஆய்வு செய்ய ஓர் இடம் உண்டு. இந்த முறை அதை இலங்கை மலையகத்துப் பிள்ளை ஒருவருக்குக் கொடுக்கலாம் என்று முடிவாகி, நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க என்னை அனுப்பினார்கள்.

ஹட்டன் நிலையத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடையோடு சிவநேசன் நின்றிருந்தார். அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர்.

"வாங்கோ, வாங்கோ. குளிருதோ? இது குளிரே இல்லை. ஒரு பிளேன்டீ குடிச்சால் எல்லாம் சரி" என்றார்.

பிளேன்டீ என்றால் பால் இல்லாத தேநீர். எங்கள் ஊரில் பால் இல்லாமல் டீ கொடுத்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் ஊரில் இதுதான் தேநீர். இரண்டாவது மிடறிலேயே என் நாக்கு அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

விண்ணப்பித்தவர்கள் மூன்று பேர். இருவர் அன்று பிற்பகலே வந்தார்கள். நல்ல பிள்ளைகள். திரையில் படங்கள் ஓட, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினார்கள். மூன்றாமவள் வரவில்லை. அவள் விண்ணப்பத்தைத்தான் நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். 'நீங்கள் ஆராய விரும்பும் கேள்வி' என்ற கட்டத்தில் மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதியிருக்க, அவள் தமிழில் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'எங்கள் தோட்டத்து சைரன் மழையில்லாத நேரத்தில் ஏன் கத்துகிறது?'

"பிள்ளை தர்ஷிகா. கெட்டிக்காரி. ஏன் வரேல்ல எண்டு தெரியேல்ல, போனும் எடுக்கிறாள் இல்லை" என்றார் சிவநேசன். "வீடு பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டம். நாளைக்கு எனக்கு வகுப்பு இருக்கு. இல்லாட்டி நானே போய்ப் பாப்பன்."

"நான் போகிறேன்" என்றேன். என்னிடம் இன்னும் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் பேருந்தில் கண்ணாடி துடைப்பான் வேலை செய்யவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் நடத்துநர் கீழே குதித்து, மடித்த செய்தித்தாளால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஓடும் வண்டியில் தொற்றி ஏறுவார். நான்காவது முறை ஏறும்போது சிங்களத்தில் ஏதோ சொன்னார், வண்டியே சிரித்தது. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "இன்றைக்கு எனக்கும் ஓட்டுநர் சம்பளம் தர வேண்டும் என்கிறான்" என்று மொழிபெயர்த்தார். ஒரு வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று சகதியில் மாட்டியிருந்தது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளப் போக, நாங்கள் அரை மணி நேரம் அவித்த சோளம் தின்றோம்.

பூண்டுலோயாவில் இருந்து முச்சக்கர வண்டியில் மேலே ஏறினேன். இருபது வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயம். முன்னால் பள்ளத்தாக்கு. பின்னால் மலை, கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு கிட்டத்தில். அதில் ஓரிடத்தில் பச்சை கிழிந்து செம்மண் தெரிந்தது.

"அது முன்னாடி சரிஞ்ச எடம்ங்க. அதுக்கப்புறந்தான் அந்த சைரன் வச்சாங்க" என்றார் வண்டிக்காரர்.

தர்ஷிகா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். ஒல்லியான பெண், பெரிய சிவப்புக் கம்பளிச் சட்டை. யார் என்று சொன்னேன். அவள் வாயைத் திறக்கும் முன் உள்ளிருந்து அம்மா சரோஜா வந்துவிட்டார்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. நனைஞ்சிட்டீங்களே! மொதல்ல தலைய தொவட்டுங்க, பேச்சு அப்புறம் பேசலாம்."

கடல் தாண்டி மலையேறி வந்தால் அங்கே என் லால்குடி அத்தையின் தமிழ். ஒரு சொல் மாறவில்லை. தேங்காய் ரொட்டியும் கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்க் கட்டச் சம்பலும் தட்டில் வந்தன. மூன்றாவது ரொட்டிக்குப் பிறகுதான் கேட்டேன்.

"ஏன் நேற்று வரல?"

"லேப்டாப் ஆபீஸ்ல இருக்கு மிஸ். நான் செஞ்ச வேலை எல்லாம் அதுலதான். வெறுங்கையோட வந்து என்னத்த காட்டுறது?"

"ஆபீஸ்ல ஏன்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். சரோஜா தட்டை எடுப்பதுபோல் எழுந்துகொண்டே சொன்னார்: "சைரன இவதான் கத்த வைக்கிறான்னு பேசிக்கிறாங்கம்மா. கம்பியும் பொட்டியுமா எந்நேரமும் உக்காந்திருந்தா வேற என்ன சொல்லுவாங்க? மூடி வைடின்னு சொன்னேன், கேக்கல."

நடந்தது இதுதான். மலை உச்சியில் ஒரு மழைமானி. மழை ஓர் அளவைத் தாண்டினால் அது கம்பியில்லாமல் செய்தி அனுப்பும். லயத்துக்கு முன்னால் உள்ள மைதானத்துக் கம்பத்தில் சைரன் அலறும். எல்லோரும் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அந்த சைரன் வெயில் நேரத்தில் கத்தியது. இதுவரை ஒன்பது முறை. முதலில் எல்லோரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு பாதிப் பேர். கடைசியில் யாரும் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று பேச்சு கிளம்பி, அது தர்ஷிகா வீட்டு வாசலில் வந்து நின்றது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சண்டை வேண்டாம் என்று அவள் கணினியை வாங்கி, களமேற்பார்வை செய்யும் கண்டாக்கு ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டார். இன்னொரு முறை கத்தினால் கம்பத்தில் இருந்து சைரனைக் கழற்றிவிடுவது என்றும் முடிவாகிவிட்டதாம்.

"கழட்டிட்டா, நெஜமா மழை பேயறப்ப என்ன மிஸ் பண்றது?" என்றாள்.

அவளிடம் ஒரு குறிப்பேடு மிஞ்சியிருந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் நாள், மணி, மழை உண்டா இல்லையா, வெளியே வந்தவர்கள் யார் யார். மழைக்கான கட்டத்தில் ஒன்பது முறையும் 'இல்லை'.

"கணினியில் என்ன கேட்டது?"

"டிவி பாக்குற யூஎஸ்பி குச்சி ஒன்னு வாங்கி, அதுல கேட்டேன் மிஸ். சைரன் கத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம், சின்னதா ஒரு சிக்னல் வருது. மழைமானி அப்படி அனுப்பாது. அது பத்து செக்கனுக்கு ஒரு தரம், திரும்பத் திரும்ப அனுப்பும்னு வச்சவங்க சொல்லியிருக்காங்க. அப்ப இது வேற ஏதோ ஒன்னு. என்னன்னுதான் புடிபடல."

நான் எல்லா மாணவர்களிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "அதே சிக்னலை நீ திருப்பி அனுப்பிப் பார்த்தாயா?"

"ஐயோ, இல்ல மிஸ்! கேட்டேன், அவ்வளவுதான். நான் அனுப்பி அது கத்திச்சுன்னா சனம் ஓடும்ல? எங்க லயத்துல நடக்க முடியாதவங்க ரெண்டு பேரு இருக்காங்க."

பல வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். ஒட்டுக் கேட்கத் தெரிந்தவன் புகுந்து பேச ஆசைப்படுவான். அந்த ஆசையை அடக்கச் சொல்லிக் கொடுப்பதிலேயே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடும். இவளுக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று அங்கேயே தங்கினேன். சரோஜா விட்டால்தானே.

மூன்றாம் நாள் காலையில் தலைவரைப் பார்த்து, என்னுடைய கருவியை வைத்து ஒரு நாள் கேட்டுப் பார்க்க அனுமதி வாங்கினோம். அவர் கெட்டவர் இல்லை. "அந்தப் புள்ள மேல எனக்கு கோவம் இல்லீங்க. சனத்துக்கு பதில் சொல்லணும், அதான்" என்றார். நானும் தர்ஷிகாவும் வாசலில் பலகை போட்டு, என் கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். மலை நெடுகக் கூடையோடு கொழுந்து எடுப்பவர்கள் தெரிந்தார்கள். நல்ல வெயில். எதிர்வீட்டுச் சேவல் என் காலணியைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

பத்து மணி இருக்கும். திரையில் ஒரு கோடு பளிச்சென்று எழுந்து விழுந்தது. ஒரே ஒரு முறை. அடுத்த நொடி சைரன் அலறியது.

காதைப் பொத்திக்கொண்டேன். லயத்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. "ஆரம்பிச்சிருச்சுடா" என்று யாரோ உள்ளேயிருந்து அலுத்துக்கொண்டார்கள். ஆனால் மேலே தெரிந்த ஒரு பங்களாப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர் ஓடி வந்தார். காக்கிச் சட்டை, ஐம்பது வயது இருக்கும், மூச்சு இரைத்தது. நேரே கடைசி வீட்டுக்குப் போனார், நடக்க முடியாத ஒரு பெரியவரைத் தூக்க.

"பண்டா மாமா. மேல டூரிஸ்ட் பங்களால வாட்ச்சர்" என்றாள் தர்ஷிகா. "எல்லாரும் நிறுத்தின பொறகும் இவரு மட்டும் ஒவ்வொரு தடவையும் வருவாரு மிஸ்."

குறிப்பேட்டைத் திருப்பினேன். 'வெளியே வந்தவர்கள்' கட்டத்தில் ஒன்பது முறையும் பண்டாவின் பெயர் இருந்தது. நான் நிமிர்ந்தபோது தர்ஷிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கழுத்தில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில், தீப்பெட்டி அளவில், நான்கு பொத்தான் வைத்த ஒரு ரிமோட் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போனாள். அவரைத் தனியே அழைத்துச் சிங்களத்தில் பேசினாள். பின்னால் போன எனக்கும் இடையிடையே தமிழில் சொல்லி வந்தாள்.

"மாமா, இப்போது மேலே வேன் வந்ததா?"

"ஆமாம், பெரிய வேன். வெள்ளைக்காரர்கள்."

"கேட்டை எப்படித் திறந்தீர்கள்?"

அவர் ரிமோட்டைக் காட்டினார். மழை பெய்தால் அவர் காவல் அறைக்குள் இருப்பார், சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டுவார். வெயில் அடித்தால் வெளியே மரத்தடியில் உட்காருவார், கையில் ரிமோட். சின்ன வண்டிக்கு முதல் பொத்தான், கேட்டின் ஒரு கதவு திறக்கும். பெரிய வேன் வந்தால் இரண்டாவது பொத்தான், இரண்டு கதவும் திறக்கும்.

எங்கள் இருவருக்கும் விளங்கிவிட்டது. மலிவு விலையில் வரும் இந்தக் கருவிகளுக்கெல்லாம் ஒரு ரகசிய எண் உண்டு. வாங்கியவர் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். கேட் போட்டவரும் மாற்றவில்லை, சைரன் போட்டவரும் மாற்றவில்லை. ஆகவே, கேட்டுக்கு 'இரண்டு கதவையும் திற' என்ற செய்தியும் சைரனுக்கு 'கத்து' என்ற செய்தியும் ஒன்றாகிவிட்டன. வெயில் நாளில் பெரிய வேன் வந்தால் சைரன் கத்தும். இவ்வளவுதான்.

தர்ஷிகா அதைச் சொல்லச் சொல்லப் பண்டாவின் முகம் மாறியது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா?" என்றார். "பிள்ளைகளை எல்லாம் ஓட வைத்தது நானா?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்கள் இல்லை மாமா. பெட்டி. பெட்டியைப் போட்டவர்கள்." பிறகு என்னிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "மிஸ், எல்லார்கிட்டயும் சொல்றப்ப ரிமோட்ட நானே அமுக்கிக் காட்டுறேன். இவரு பேரு வேணாமே? என் மேல பேசினாங்கல்ல, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

ஆனால் பண்டாவுக்கு அது பிடிக்கவில்லை. தமிழ் அவருக்கு ஓரளவு புரியும். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

தலைவர் தோட்ட மேலாளரான துரையிடமும் பங்களா நடத்துபவரிடமும் பேசி அனுமதி வாங்கினார். இப்போது சைரன் கத்தும், சோதனைக்காகத்தான், யாரும் பயப்படாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். வேலை முடிந்து வந்தவர்கள் எல்லோரும் மூன்று மணிக்கு மைதானத்தில் கூடினார்கள். கண்டாக்கு ஐயாவும் வந்தார். தர்ஷிகா விளக்கினாள். முதலில் குனிந்தே பேசினாள். "ரெண்டு வீட்டுப் பூட்டுக்கு ஒரே சாவி இருந்தா எப்படியோ, அது மாதிரிதான். யாரும் வேணும்னு செய்யல" என்றதும் நிமிர்ந்தாள். ரிமோட்டை எடுக்கக் கையை நீட்டினாள். பண்டா கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, உடைந்த தமிழில், "நான் அமுக்குறது. நான்தான் அமுக்குனது" என்றார். அமுக்கினார்.

சைரன் அலறியது. குழந்தைகள் குதித்தார்கள். சத்தம் அடங்கியது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல்:

"அடப் பாவமே! கத்த வச்சதும் இவருதான், தூக்க வந்ததும் இவருதானா?"

மைதானமே சிரித்தது. பண்டாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கண்டாக்கு ஐயா ஆளனுப்பிக் கணினியை எடுத்துவரச் செய்து, தர்ஷிகா கையில் கொடுத்தார். சரோஜாதான் அதை வாங்கி முந்தானையால் துடைத்தார்.

கேட்டின் எண்ணை மாற்ற ஆள் வரும்வரை ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி தர்ஷிகாவிடம் கொடுத்துவிட்டார் பண்டா. சைரன் போட்டவர்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். கேட்டை மாற்றுவது ஒட்டுப்போடும் வேலை, யார் சொன்னாலும் நம்பிவிடும் சைரனைத்தான் மாற்ற வேண்டும் என்று. எழுதி முடித்ததும் அவள் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், தப்பான நேரத்துல இத கத்த வைக்க முடியுது. அப்ப, கத்த வேண்டிய நேரத்துல கத்த விடாமப் பண்ணவும் முடியுமா? மேல இருந்து வர்ற சிக்னல யாராச்சும் மறைச்சுட்டா? இங்க கீழ இருக்கிற நமக்கு அது எப்படித் தெரியும்?"

தெரியாது என்று சொன்னேன். அந்த ஆறு மாத இடம் யாருக்கு என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். அவளிடமும் சொன்னேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். சரோஜா பருப்புக்குத் தாளிக்கப் போய்விட்டார்.

நான்காம் நாள் நான் கிளம்ப வேண்டியது. விடிந்ததில் இருந்து மழை. அதுவரை நான் மழை என்று நினைத்ததெல்லாம் தூறல் என்று அன்று தெரிந்தது. தகரக் கூரைக்குக் கீழே பேசினால் கேட்காது. வேலை நிறுத்தப்பட்டு எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பதினோரு மணிக்கு அந்த இரைச்சலுக்கு மேலாக சைரன் அலறியது.

இந்த முறை கதவுகள் திறந்தன. ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. வாசல்களில் நின்றபடி எல்லோரும் எங்கள் வாசலைப் பார்த்தார்கள். தலைவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"பேட்டரி எங்க தாயி?"

தர்ஷிகா பென்சில் பையைத் திறந்து காட்டினாள். பிறகு திரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கோடு எழுந்தது. பத்து வினாடி. மறுபடி எழுந்தது. பத்து வினாடி. மறுபடி.

"இது மலையிலிருந்துதான் வருது. வாங்க போயிருவோம்" என்றாள்.

அவ்வளவுதான். இருபது வீடும் காலியாயிற்று. பண்டா வந்து கடைசி வீட்டுப் பெரியவரைத் தூக்கினார், நடக்க முடியாத இன்னொருவரைத் தலைவர் தூக்கினார். சரோஜா முதலில் எடுத்தது அந்தக் கணினியை. உரப் பையில் சுற்றி, கைக்குழந்தை போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் வழுக்கி விழுந்து, யாரோ இரண்டு பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் ஈரத் துணி வாசமும் பிளேன்டீ வாசமும் கலந்து அடித்தன. குழந்தைகளுக்கு அது திருவிழா. நான் பயந்துபோயிருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அன்று மலை சரியவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கொஞ்சம் மண் இறங்கியதோடு சரி. நாலு மணிக்கு மழை விட்டது. வீணாக ஓட வைத்தார்கள் என்று ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மண்டபத்தை விட்டு எல்லோரும் கிளம்பும்போது சரோஜா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க ஊருல இவ தங்குற எடம் எப்படிம்மா?"

விடுதி, சாப்பாடு, கூட இருக்கப்போகும் பெண்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை.

"பின்னால மலை இருக்குமா?"

"மலையா? ஊர் நடுவுல ஒத்தப் பாறை இருக்குங்க. உச்சியில பிள்ளையார் கோயில். மத்தபடி எல்லாம் சமதரைதான்."

"மழை பேஞ்சா அந்தப் பாறை வராதே?"

"வராதுங்க."

சரோஜா திரும்பினார். சுவரோரம் மடித்த கையில் தலை வைத்து, அத்தனை சத்தத்திலும் தூங்கிப்போயிருந்த மகளைப் பார்த்தார்.

"அப்ப கூட்டிட்டுப் போங்கம்மா. மழைச் சத்தத்துக்கு எந்திரிக்காம ஆறு மாசம் தூங்கட்டும்."